பழைய சாமானில் தற்சார்பு வீடு: பிளான் கடைசியில்தான்

இடித்த வீட்டுச் சாமான்களைக் கொண்டு, தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் முடிந்தவரை வெளியே கையேந்தாத வீடு கட்ட நினைப்பவர்கள் வழக்கமான வரிசையை மாற்ற வேண்டும். புதுச் சாமான் என்றால் முதலில் பிளான், பிறகு கொள்முதல். இங்கே நிலை, ஜன்னல், கைமரம், ஓடு எல்லாம் மனைக்கு வந்த பிறகுதான் பிளான்.

அறையின் அகலத்தை முடிவு செய்வது கைமரத்தின் நீளம். 12 அடி மரம் வாங்கினால் சுவருக்குள் புதைந்திருந்த முனைகள் பெரும்பாலும் செல்லரித்திருக்கும். இரு பக்கமும் அரை அடி அறுத்தால் மிச்சம் 11 அடி. மங்களூர் ஓட்டுக்கு ஏற்ற 30 டிகிரி சரிவில் அது படுக்கைவாட்டில் ஒன்பதரை அடியைத்தான் மூடும். சுவருக்கு வெளியே ஒன்றரை அடி இறவாரம் விட வேண்டும். ஆக, முகட்டிலிருந்து சுவரின் வெளிப்புறம் வரை 8 அடி, இரு சரிவும் சேர்ந்து 16 அடி. 20 அடி ஹால் வரைந்து வைத்துக்கொண்டு மரம் தேடப் போனால் புது இரும்புதான் வாங்க வேண்டிவரும்.

செங்கல் வாங்கும்போது அந்த வீட்டை எப்படி இடிக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். ஜேசிபி இறங்கிய இடத்தில் முழுக்கல் அதிகம் தேறாது. கடப்பாரையால் இடிக்கும் வீடு, அதிலும் சுண்ணாம்புக் காரையில் கட்டிய வீடு என்றால் கொத்துக்கரண்டியால் தட்டினாலே காரை உதிர்ந்து கல் சுத்தமாக வரும். சிமெண்ட் கலவையில் கட்டியது கல்லோடு சேர்ந்தே உடையும். இரண்டு கல்லை மோதினால் கணீரென்று கேட்க வேண்டும். ஒரு கல்லை எடை போட்டு, ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து மறுபடி நிறுங்கள். எடை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏறினால் அந்த லோடு வேண்டாம். வெள்ளையாக உப்புப் பூத்த கல்லையும் தொடாதீர்கள். எத்தனை முறை பூசினாலும் பூச்சைத் தள்ளிவிடும்.

700 சதுர அடி வீட்டில் கதவு ஜன்னல் போக 90 சதுர மீட்டர் சுவர் வரும் என்று வையுங்கள். 9 அங்குலச் சுவருக்குக் கன மீட்டருக்கு 500 கல் வீதம் சுமார் 10,300 கல். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய எலிப்பொறிக் கட்டில் கல்லைக் குத்துவாட்டில் வைத்து நடுவே வெற்றிடம் விடுவதால் ஏறக்குறைய கால்வாசி மிச்சமாகும்; சுமார் 7,800 போதும். உடைசலுக்கு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி 9,400 வாங்குங்கள். ஆனால் இந்தக் கட்டுக்கு எல்லாக் கல்லும் ஒரே அளவாக இருக்க வேண்டும். இரண்டு வீட்டுக் கல்லை ஒரே சுவரில் கலந்தால் வரிசை ஏறி இறங்கும், கொத்தனார் அதைக் கலவையால் நிரப்புவார், மிச்சம் பிடித்த காசு சிமெண்டில் போய்விடும். அளவு கலந்திருந்தால் சாதாரணக் கட்டே நல்லது. பழைய கல்லுக்கு 1:3 (ஒரு பங்கு சிமெண்ட், மூன்று பங்கு மணல்) போன்ற கெட்டிக் கலவை ஆகாது. கலவை கல்லைவிட உறுதியாகிவிட்டால், கல்லின் முகம்தான் பெயர்ந்து விழும். 1:6 போதும்.

துருப்பிடித்த பழைய கம்பியை நிமிர்த்தி கான்கிரீட்டில் போடக் கூடாது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். அறுத்தாலும் உடைத்தாலும் நுரையீரலைக் கெடுக்கும் இழை பறக்கும். கிரியோசோட் என்ற நச்சுத் தார் எண்ணெய் ஊறிய ரயில்வே ஸ்லீப்பர் கட்டைகள் வீட்டுக்குள் வரவே கூடாது. பழைய கதவின் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். தீ காட்டிச் சுரண்டாமல் ஈரப்படுத்தித் தேயுங்கள். குழந்தைகள் பக்கத்தில் இருக்க வேண்டாம்.

தண்ணீர்க் கணக்கில்தான் பலரும் ஆசைப்பட்டு ஏமாறுகிறார்கள். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு லிட்டர். 93 சதுர மீட்டர் கூரை, வருடத்துக்கு 900 மில்லிமீட்டர் மழை, வீணாவது ஐந்தில் ஒரு பங்கு என்றால் கைக்கு வருவது சுமார் 67,000 லிட்டர். நான்கு பேர் சிக்கனமாக ஆளுக்கு 75 லிட்டர் புழங்கினாலே ஆண்டுக்கு 1,09,500 லிட்டர் வேண்டும். தமிழ்நாட்டில் மழையில் பாதிக்கு நெருக்கமாக அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும் என்பதால் முழுவதையும் தேக்க நினைப்பது வீண்செலவு. குடிக்க, சமைக்க நாளுக்கு 40 லிட்டர். எட்டு மாதத்துக்கு 9,600 லிட்டர். 10,000 லிட்டர் தொட்டி, அதாவது உள்ளளவில் 2.5 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 2 மீட்டர் தண்ணீர் ஆழம். மிச்ச மழை கிணற்றுக்குப் போகட்டும். குளிக்கவும் துவைக்கவும் கிணறு. இந்தத் தொட்டியை மட்டும் பழைய கல்லில் கட்டாதீர்கள், கசியும்.

கூரையின் முதல் ஒன்றரை மில்லிமீட்டர் மழை தூசியும் பறவை எச்சமும்தான். 140 லிட்டர் அளவுக்கு அதை ஒதுக்க வேண்டும். 6 அங்குலக் குழாயில் மீட்டருக்கு 18 லிட்டர்தான் நிற்கும் என்பதால் 200 லிட்டர் டிரம் வைத்து, அடியில் குழாய் பொருத்தி, ஒவ்வொரு மழைக்குப் பிறகும் திறந்துவிடுங்கள். தொட்டிக்குள் வெளிச்சம் போகக் கூடாது. எல்லா வாயிலும் கொசுவலை.

மின்சாரத்துக்கு, ஒரு கிலோவாட் பேனல் நல்ல வெயிலில் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிஎல்டிசி மின்விசிறி, எல்இடி, சிறிய ஃபிரிட்ஜ், அரை மணி நேரம் மோட்டார் என்றால் 3 முதல் 4 யூனிட் ஆகும். அடைமழைக்காலத்தையும் எண்ணி 2 கிலோவாட் போடுங்கள். பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு இணைந்து ஓடும் ஆன்கிரிட் முறை, கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். தற்சார்பு வேண்டுமென்றால் பேட்டரியோடும் லைனோடும் வேலை செய்யும் ஹைபிரிட் இன்வெர்ட்டர் தேவை. பழைய பேனல் வாங்கலாம்: உச்சி வெயிலில் மல்டிமீட்டரால் வோல்டேஜையும் ஆம்பியரையும் அளந்து பின்பக்க லேபிளோடு ஒப்பிடுங்கள், பின்ஷீட் வெடித்திருந்தால் விடுங்கள். அரசு மானியம் புதுப் பேனலுக்குத்தான். பழைய பேட்டரி மட்டும் எந்த விலைக்கும் வேண்டாம்.

கழிப்பறைக்கு இரட்டைக் குழி. ஒன்று நிரம்பியதும் அடுத்ததற்கு மாற்றி, முதல் குழியை இரண்டு வருடம் ஆறவிட்டால் மக்கி உரமாகிவிடும். பழைய செங்கல்லில் உடைந்ததும் ஓரம் போனதும் இந்தக் குழிச் சுவருக்கு உதவும், இடைவெளி விட்டு அடுக்க வேண்டியதுதானே. கிணற்றிலிருந்து 15 மீட்டராவது தள்ளி, பள்ளமான பக்கத்தில் தோண்டுங்கள். மனை சிறியதாக இருந்தால் கிணற்றுக்கும் குழிக்கும் இடம் குறித்துவிட்டு, மிஞ்சும் இடத்தில் வீட்டை வரையுங்கள்.