தோசை ஆறுவதற்குள்: உணவுப் படம் எடுப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லிலிருந்து எடுத்த நெய் ரோஸ்ட் முறுகலோடு நிமிர்ந்து நிற்பது சில நிமிடங்கள்தான். பிறகு ஓரங்கள் தளர்ந்துவிடும். மேலே மினுங்கிய நெய் உள்ளே இறங்கி, பொன்னிறம் மங்கிவிடும். உணவுப் படங்களில் தென்படும் குறைகளில் பெரும்பாலானவை கேமராவால் வருபவை அல்ல, இந்தக் குறுகிய நேரத்தைக் கணக்கில் கொள்ளாததால் வருபவை. தட்டு மேசைக்கு வந்த பிறகு எந்தக் கோணம், எந்த விரிப்பு, வெளிச்சம் எந்தப் பக்கம் என்று யோசிக்கத் தொடங்குவதே முதல் தவறு. தொழில் தெரிந்தவர்கள் அதே அளவும் நிறமும் கொண்ட மாற்றுத் தட்டு ஒன்றை முதலில் வைத்து, ஒளியையும் ஃபோகஸையும் சட்டகத்தையும் முடிவுசெய்துகொள்வார்கள். அதற்குக் காலையில் சுட்டு ஆறிப்போன தோசையே போதும். அடுப்படிக்குக் குரல் கொடுப்பது அதற்குப் பிறகுதான்.

வெண்பொங்கலுக்கு இந்த முன்யோசனை இன்னும் அதிகமாக வேண்டும். ஆற ஆற அது இறுகிக் கட்டியாகும். நெய் உறைந்து வெள்ளைத் திட்டுகளாகத் தெரியும். எனவே வழக்கத்தைவிடத் தளர்வாக இறக்கிவைத்து, படம் எடுக்கும் நேரத்தில் சிறிது வெந்நீர் சேர்த்துக் கிளறி, தாளித்த மிளகு, முந்திரி, கறிவேப்பிலையைக் கடைசியாகச் சூடான நெய்யோடு மேலே விட வேண்டும். கொத்தமல்லித் தழையும் அப்படியே. முன்கூட்டியே தூவினால் சூட்டில் வாடிக் கறுத்துவிடும்.

ஒளியில் நேரும் தவறுகளில் மிகப் பெரியது, கேமராவின் ஃபிளாஷை நேர் எதிரே அடிப்பது. முன்னிருந்து வரும் ஒளி நிழலை அழித்துவிடுவதால், மெதுவடையின் மொறுமொறுப்பான மேல்தோலும் ஆப்பத்தின் வலைபோன்ற ஓரமும் தட்டையாகிப் போகும். ஒளி பக்கவாட்டிலிருந்தோ சற்றுப் பின்னாலிருந்தோ வந்தால்தான் மேற்பரப்பின் மேடுபள்ளம் கண்ணுக்குப் புலப்படும். இட்லியிலிருந்து எழும் ஆவிகூட, பின்னொளியும் இருண்ட பின்னணியும் சேர்ந்தால்தான் தெரியும். இதற்கு விலையுயர்ந்த விளக்குகள் தேவையில்லை. ஜன்னலருகே மேசையைப் போட்டு, நேர்வெயில் விழுந்தால் ஒரு வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி, எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டையை நிறுத்தினால் நிழல் தேவையான அளவுக்கு மென்மையாகும். அப்போது அறையின் மஞ்சள் பல்பை அணைக்க மறந்துவிடக் கூடாது. ஒளி நீலம் சார்ந்ததா மஞ்சள் சார்ந்ததா என்பதைக் காட்டும் அளவான நிற வெப்பநிலை, பகல் ஒளிக்கு ஏறத்தாழ 5500 கெல்வின், மஞ்சள் பல்புக்கு 2700 முதல் 3000 வரை. இரண்டும் கலந்தால் தட்டின் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் மஞ்சளாகவும் பதிவாகும், பின்னர் எந்த மென்பொருளாலும் அதை முழுமையாகச் சரிசெய்வது கடினம். மஞ்சள்தூள் சேர்ந்த நம் சமையலில் இந்தப் பிழை உடனே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். இட்லியும் தயிர்சாதமும் சாம்பல் நிறத்தில் பதிவாவது வேறு காரணத்தால்: காட்சியின் சராசரி நடுத்தரச் சாம்பல் என்று கேமரா கணிப்பதால், வெள்ளை உணவுக்கு எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதிவாகும் ஒளியை, ஒரு ஸ்டாப் அளவுக்கு (இரு மடங்காக) நாமே கூட்ட வேண்டியிருக்கிறது.

கைபேசியைத் தட்டுக்கு மிக அருகில் கொண்டுபோனால் அகலக்கோண லென்ஸ் முன்பக்கத்தை வீங்கச் செய்யும். பின்னால் நகர்ந்து இரண்டு மடங்கு ஜூமில் எடுப்பது நல்லது. வாழையிலைச் சாப்பாட்டை நேர்மேலிருந்து எடுக்கலாம், ஆனால் டபரா டம்ளரில் நுரை ததும்பும் காபியை அப்படி எடுத்தால் ஒரு பழுப்பு வட்டம்தான் மிஞ்சும்.

எனக்கு மிகவும் உறுத்துவது, இரவல் அழகு. கறுப்புப் பலகை, கசங்கிய லினன் துணி, சிதறிய அன்னாசிப்பூ, ஒரு கொத்து ரோஸ்மேரி என்று பிற நாட்டுப் படங்களில் பார்த்ததையெல்லாம் சாம்பார் கிண்ணத்தைச் சுற்றி அடுக்குகிறார்கள். அந்த உணவில் சேராத பொருள் அதன் அருகே கிடந்தால், சமைக்கத் தெரிந்த எவரும் அந்தப் படத்தை நம்ப மாட்டார்கள். இலையின் நுனி உண்பவரின் இடப்பக்கம் இருக்க வேண்டும் என்பதுகூடத் தெரியாமல் தலைகீழாக இலை போட்ட விளம்பரப் படங்களைப் பார்க்கும்போது, அந்தச் சாப்பாட்டை ஒருமுறையாவது உட்கார்ந்து சாப்பிட்டவர் யாரும் அந்தக் குழுவில் இல்லையோ என்று வருத்தமாக இருக்கிறது. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் எட்வர்ட் வெஸ்டன் 1930இல் எடுத்த புகழ்பெற்ற குடமிளகாய்ப் படத்தில் துணியும் இல்லை, தூவலும் இல்லை. ஒரு தகரப் புனலுக்குள் மிளகாயை வைத்து, புனலின் உட்சுவரில் பட்டுத் திரும்பும் ஒளியால் அதன் வளைவுகளை வெளிக்கொணர்ந்தார். தனக்கென ஒரு பாணியைத் தேடும் இளம் புகைப்படக்காரர், பொருள்களைக் கூட்டுவதற்கு முன் இவ்வாறு ஒரே ஒரு காயோடு சில காலம் பழகுவது பயன் தரும்.

இறுதியாக, உண்பவரை ஏமாற்றும் அலங்காரம். சாம்பாரில் முருங்கைக்காயும் கத்தரிக்காயும் அடியில் மூழ்கிவிடும் என்பது எல்லோரும் சந்திக்கும் சிக்கல்தான். 1960களின் இறுதியில் அமெரிக்காவின் காம்ப்பெல் சூப் விளம்பரத்தில் இதே சிக்கலுக்குக் கிண்ணத்தின் அடியில் கண்ணாடிக் கோலிகளைப் போட்டுக் காய்களை மேலே நிறுத்தினார்கள். அது நுகர்வோரை ஏமாற்றுவதாக அந்நாட்டு அரசின் வணிகக் கண்காணிப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் எடுத்த நடவடிக்கை, 1970இல் அம்முறையைக் கைவிடச் செய்யும், நிறுவனமும் ஒப்புக்கொண்ட உத்தரவில் முடிந்தது. இந்தியாவிலும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு முதல்முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும். ஆழமற்ற கிண்ணத்தைத் தேர்ந்தெடுத்துக் காய்களை முதலில் அடுக்கி, கெட்டியான சாம்பாரைப் பக்கவாட்டில் மெதுவாக ஊற்றினால் ஏமாற்றாமலேயே காய்கள் தெரியும். வடையின் மேல் லேசாக எண்ணெய் தடவுவதும், கீரையின் மேல் நீர் தெளிப்பதும் ஏமாற்று ஆகாத அதே வகைதான். ஆனால் உணவகத்தின் பட்டியலுக்காகப் படம் எடுக்கும்போது, பரிமாறும் கரண்டியாலேயே, வழக்கமாகப் பரிமாறும் அளவிலேயே தட்டை நிரப்பித் தரும்படி சமையலரிடம் கேட்டு வாங்க வேண்டும். முந்திரி நான்கு போடுவது அவர்கள் வழக்கமென்றால் படத்திலும் நான்குதான் இருக்க வேண்டும்.