‘யாரை ஜெயித்தார்?’ என்று கேட்பதில் நடக்கும் பிழைகள்

குத்துச்சண்டை வீரர் முகமது அலி 1980-ல் சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிஸுடன் ரிங்கில் ஏறினார். முதலமைச்சர் எம்.ஜி.ஆர். முன்னிலையில் நடந்த அந்த ஆட்டம் இந்த ஊருக்கு மறக்க முடியாத ஒன்று. ஆனால் அலியின் 56 வெற்றி, 5 தோல்வி என்ற கணக்கில் அது கிடையாது, காரணம் அது காட்சிப் போட்டி. அதே எல்லிஸை 1971-ல் ஹூஸ்டனில் 12-வது ரவுண்டில் அலி அடித்து நிறுத்தி ஜெயித்தார். அது கணக்கில் இருக்கிறது. ஆள் அதே ஆள்தான், ஆனால் ஒரு ஆட்டத்துக்கு எடை உண்டு, இன்னொன்றுக்கு இல்லை. எதிராளியின் பெயரை மட்டும் வைத்து ஒருவரின் பெருமையை அளக்கக் கூடாது என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் வேறு உதாரணம் வேண்டாம்.

சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரைக்குப் பரம்பரை மோதிய ஊர் சென்னை. எதிரே நின்றவர் யார் என்று கேட்காமல் இங்கே யாரும் வெற்றியைக் கொண்டாடுவதில்லை. கேள்வி சரியானதுதான். ஆனால் அதைப் பாதியில் நிறுத்திவிடுகிறோம்: “யாரை?” என்று கேட்பவர்கள் “எப்போது, எந்த எடையில், எப்படி?” என்று கேட்பதில்லை. பெரும்பாலான தவறுகள் அங்கேதான் நடக்கின்றன.

ஹெவிவெயிட் சாம்பியன் ராக்கி மார்சியானோவை எடுத்துக்கொள்வோம். 49 ஆட்டம், 49 வெற்றி, அதில் 43 நாக் அவுட். ஜோ லூயிஸ், ஜெர்சி ஜோ வால்காட், எஸ்ஸார்ட் சார்ல்ஸ், ஆர்ச்சி மூர் என்று அவர் வீழ்த்தியவர்களின் பெயர்களைச் சொன்னாலே வாய் அடைத்துவிடும். இப்போது தேதிகளைப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். 1951 அக்டோபரில் மார்சியானோவிடம் விழுந்தபோது லூயிஸுக்கு 37 வயது. உலக சாம்பியனாக ஓய்வு பெற்றுவிட்டுத் திரும்பி வந்தவர், முந்தைய ஆண்டே சார்ல்ஸிடம் தோற்றவர். லூயிஸ் என்ற பெயருக்காக இந்த வெற்றிக்கு முழு மதிப்பெண் போடுவது பெரிய பிழை.

அதற்காக நான்கையும் “எல்லாம் கிழவர்கள்” என்று ஒரே கோட்டில் அடித்துவிடுவது அதைவிடப் பெரிய பிழை. 1952-ல் வால்காட்டுக்கு 38 வயது. ஆனால் அன்றைக்கு உலக சாம்பியன் அவர்தான். 12 ரவுண்டு முடிந்தபோது மூன்று நடுவர்களின் மதிப்பெண் தாளிலும் முன்னிலையில் இருந்தார். 13-வது ரவுண்டில் மார்சியானோவின் ஒரே வலது கைக் குத்தில் சாய்ந்தார். ஜெயித்துக்கொண்டிருந்த சாம்பியனை அவர் வீட்டு ரிங்கிலேயே வீழ்த்துவது போன்ற வேலை அது. மூர் 1955-ல் 40-ஐ ஒட்டிய வயதில் மார்சியானோவை 2-வது ரவுண்டில் கீழே தள்ளினார், 9-வதில் தோற்றார். அதன் பிறகும் லைட் ஹெவிவெயிட் எடைப் பிரிவின் பட்டத்தைப் பல ஆண்டுகள் வைத்திருந்தார். வயதை மட்டும் பார்த்திருந்தால் மூரையும் லூயிஸோடு சேர்த்துத் தள்ளியிருப்போம்.

இதற்குக் கைக்கு அடக்கமான ஒரு சோதனை உண்டு. ஒரு வீரரின் மிகச் சிறந்த ஐந்து வெற்றிகளை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிராளியின் அன்றைய வயது, அதற்கு முந்தைய ஐந்து ஆட்டங்களின் முடிவு, பிந்தைய மூன்று ஆட்டங்களின் முடிவு, கடைசியாக ரிங்கில் ஏறி எத்தனை மாதம் ஆகியிருந்தது, ஒப்புக்கொண்ட எடை, தயாராக எத்தனை நாள் கிடைத்தது என்று குறியுங்கள். குத்துச்சண்டைப் பதிவுகளைத் தொகுக்கும் பாக்ஸ்ரெக் போன்ற தளங்களில் இதில் பெரும்பகுதி கிடைத்துவிடும். பிந்தைய மூன்று ஆட்டங்களை விட்டுவிடாதீர்கள். எதிராளி ஏற்கெனவே சரிந்துகொண்டிருந்தாரா, இல்லை இந்த அடிதான் அவரைச் சரித்ததா என்பதைச் சொல்வது அந்தக் கட்டம்தான். 1980 அக்டோபரில் லாரி ஹோம்ஸிடம் தோற்ற அலிக்கு 38 வயது, இரண்டு ஆண்டு இடைவெளி. அதற்குப் பின் ஒரே ஒரு ஆட்டம், அதிலும் தோல்வி. ஹோம்ஸ் எவ்வளவு பெரிய சாம்பியன் என்றாலும், அந்த வெற்றியை அவருடைய முதல் ஐந்தில் வைக்க முடியாது.

தயாராகக் கிடைத்த நாட்களைக் கேட்பது எதிராளியை ஒதுக்குவதற்காக அல்ல. ஆண்டி ரூயிஸ் 2019-ல் சுமார் ஒரு மாத அவகாசத்தில் மாற்று ஆளாக வந்துதான் சாம்பியன் அந்தோணி ஜோஷுவாவை 7-வது ரவுண்டில் நிறுத்தினார்.

அடுத்தது முக்கோணக் கணக்கு. ‘அ’ ‘ஆ’வை ஜெயித்தார், ‘ஆ’ ‘இ’யை ஜெயித்தார், அப்படியானால் ‘அ’ ‘இ’யை ஊதித் தள்ளிவிடுவார் என்று போடும் கணக்கு. அலியை 1971-ல் ஜோ ஃப்ரேஸியர் ஜெயித்தார், 1973-ல் கென் நார்டன் தாடையை உடைத்து ஜெயித்தார். அந்த ஃப்ரேஸியரையும் நார்டனையும் ஜார்ஜ் ஃபோர்மன் தலா இரண்டு ரவுண்டுக்குள் முடித்துவிட்டார். 1974 அக்டோபரில் அலியோடு மோத ஆப்பிரிக்காவின் கின்ஷாசாவுக்கு வந்தபோது ஃபோர்மனுக்கு 25 வயது, 40 ஆட்டத்தில் 40 வெற்றி. முக்கோணக் கணக்குப்படி அலிக்கு வாய்ப்பே இல்லை. 8-வது ரவுண்டில் ஃபோர்மன் தரையில் கிடந்தார்.

ஆட்ட முறைதான் காரணம். நார்டன் ஜாப் (முன் கையால் விடும் நேர்க் குத்து) போட்டு நகர்ந்து ஆடுபவரைத் திணறடிப்பார், ஆனால் பலமாகக் குத்துபவர் நேராக மேலே வந்தால் தாங்க மாட்டார். ஃபோர்மனுக்குப் பிறகு எர்னி ஷேவர்ஸும் ஜெர்ரி கூனியும் அவரை முதல் ரவுண்டிலேயே முடித்தார்கள். ஆகவே எதிராளியின் தரம் என்பது ஒற்றை எண் இல்லை, எதிரே நிற்பவரின் ஆட்டத்துக்கு ஏற்ப அது மாறும். தன் முறைக்கு ஒத்துவராதவர்களைத் தேடிப் போய் ஜெயித்தவருக்குக் கூடுதல் மதிப்பு உண்டு.

எடையில் ஏமாறுபவர்கள் இன்னும் அதிகம். 2008 ஜூனில் 135 பவுண்டில் ஆடிய மேனி பாக்கியாவ், அதே ஆண்டு டிசம்பரில் 147 பவுண்டுக்கு, அதாவது 66.7 கிலோவுக்கு, ஏறி ஆஸ்கர் டி லா ஹோயாவை 8 ரவுண்டில் உட்கார வைத்தார். ஆறு மாதத்தில் இவ்வளவு ஏறிய துணிச்சலுக்கு எவ்வளவு பாராட்டினாலும் தகும். ஆனால் டி லா ஹோயாவுக்கு அப்போது 35 வயது. 2001-க்குப் பிறகு 147-க்கு இறங்காதவர் உடம்பை வற்றவைத்துக்கொண்டு வந்திருந்தார். அதற்குப் பின் அவர் ஆடவே இல்லை. துணிச்சலுக்கு ஒரு மதிப்பெண், எதிராளியின் அன்றைய நிலைக்கு வேறொரு மதிப்பெண் என்று பிரித்துப் போடுங்கள்.

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. எதிராளி பின்னால் அடைந்த புகழைக் கொண்டுவந்து பழைய ஆட்டத்தில் ஏற்றுவது அது. 2013-ல் ஃப்ளாய்ட் மேவெதரிடம் தோற்ற கனெலோ அல்வாரெஸுக்கு 23 வயது. பிரிவின் வரம்பு 154 பவுண்டு, ஒப்பந்தமோ 152. நல்ல வெற்றிதான். ஆனால் அன்று தோற்றவர் 2021-ல் 168 பவுண்டின் நான்கு பட்டங்களையும் சேர்த்து வைத்திருந்த கனெலோ இல்லை.

சாம்பியன் பெல்ட்டுகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பட்டம் தரும் நான்கு அமைப்பு, வழக்கமான 17 எடைப் பிரிவு என்றால் ஒரே நேரத்தில் 68 பேர் வரை உலக சாம்பியன் என்று சொல்லிக்கொள்ளலாம். எதிராளியின் இடுப்பில் என்ன இருந்தது என்பதைவிட, 1922-ல் தொடங்கிய ‘தி ரிங்’ பத்திரிகையின் அந்த ஆண்டுத் தரவரிசையில் அவர் எங்கே இருந்தார் என்று பார்ப்பது பயன் தரும்.

தோல்விக் கட்டத்தில் பூஜ்யம் இருந்தால் மயங்குவதும், தோல்வி அதிகம் இருந்தால் முகம் சுளிப்பதும் ஒரே தவறின் இரண்டு பக்கம். 1993-ல் தோல்வியே இல்லாமல் 87 வெற்றியோடு வந்த ஜூலியோ சீசர் சாவேஸுக்கும் பெர்னெல் விட்டேக்கருக்கும் நடந்த ஆட்டம் டிரா என்று பதிவாகியிருக்கிறது. ரவுண்டு ரவுண்டாகப் பாருங்கள், விட்டேக்கர் ஜெயித்த ஆட்டம் அது. தாளில் உள்ள முடிவை அப்படியே எடுத்துக்கொண்டால் விட்டேக்கருக்கு அநியாயம் செய்கிறோம்.

ஒருவர் யாரோடு ஆடவில்லை என்பதையும் எழுத ஒரு கட்டம் வேண்டும். ஜாக் டெம்ப்ஸி 1919 முதல் 1926 வரை சாம்பியனாக இருந்தும் ஹாரி வில்ஸோடு ஆடவே இல்லை. கறுப்பரான வில்ஸுக்கு நிறவெறி கதவை அடைத்தது. இன்னொரு கறுப்பு வீரரான சார்லி பெர்லிக்கும் அதே கதிதான், கடைசிவரை உலகப் பட்டத்துக்கு ஆட வாய்ப்பே கிடைக்கவில்லை. அதனால் பட்ட ஆட்டங்களை மட்டும் எண்ணுபவர்களின் கண்ணில் அவர் படமாட்டார். ஆனால் மார்சியானோவைக் கீழே தள்ளிய அதே ஆர்ச்சி மூரை 1944-ல் பாயிண்ட்ஸில் ஜெயித்தவர் பெர்லி. அந்தப் பெர்லியை 1942-ல் இரண்டு முறை ஜெயித்தவர் எஸ்ஸார்ட் சார்ல்ஸ். மூரையும் அவர் மூன்று முறை ஜெயித்தார். ரெக்கார்டைத் திறந்தால் 25 தோல்வி என்று இருக்கும் சார்ல்ஸின் மிகச் சிறந்த இந்த ஐந்து வெற்றிகளில் ஒன்றுகூட பட்டத்துக்கானது இல்லை.