மணலை மீன் சினைக்குப் புகையூட்டுவது எப்படி? முதல் தடவை செய்பவர்களுக்கு

மணலை (மடவை) மீனின் சினையை மட்டக்களப்பில் யாரும் எறிவதில்லை. மஞ்சளும் உப்பும் பிரட்டிப் பொரிப்போம். இல்லாவிட்டால் குழம்பு கொதித்து அடங்கும் நேரத்தில் மெல்ல இறக்கிவிடுவோம். பொரிக்கும்போது சினை வெடித்துப் பாதி எண்ணெயோடு போய்விடுகிறது. குழம்பிலோ மிளகாயும் புளியும் அதன் சுவையை மூடிவிடுகின்றன. சினைக்கென்று ஒரு சொந்தச் சுவை உண்டு. கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் கடல், நாவில் தங்கும் ஒரு கொழுப்பு. அது முழுதாகத் தெரியவேண்டுமானால் உப்பும் புகையுமே போதும்.

உலகில் பல கரைகளில் மணலைச் சினைக்குப் பெரிய மரியாதை இருக்கிறது. இத்தாலியின் சார்டினியாத் தீவில் அதை உப்பிட்டு, அழுத்தி, உலர்த்திப் போத்தார்கா என்று விற்கிறார்கள். ஜப்பானில் அது கரசுமி. ஆனால் அவை வாரக்கணக்கில் உலரவேண்டியவை. நமது ஈரக் காற்றிலும் வெயிலிலும் முதல் தடவை செய்பவர் அந்த வழியில் இறங்குவதை நான் விரும்பமாட்டேன். நமக்கு அருகில் வேறொரு நல்ல முன்மாதிரி இருக்கிறது: மாசி. மாலைதீவில் சூரை மீனை முதலில் அவித்து, பிறகு புகையூட்டி, கடைசியில் வெயிலில் காயவைத்து மாசி செய்கிறார்கள். மாசி சேரும் நமது சம்பலில் ஏற்கெனவே புகை இருக்கிறது என்பது இதனால்தான். இங்கே நாம் மாசியின் முதல் இரண்டு படிகளை மட்டும் எடுத்துக்கொள்ளப் போகிறோம்: முதலில் அவித்தல், பிறகு புகை.

இந்த ஒழுங்கை மாற்றவேண்டாம். அடுப்பு மேல் வைத்த சட்டியில் புகை எவ்வளவு சூட்டில் இருக்கிறது என்பதைப் புதியவர் கணிக்க முடியாது. சினையின் வெளிப்புறம் அழகாகச் சிவந்திருக்க, நடுப்பகுதி பச்சையாகவே இருந்துவிடலாம். சினையைப் பாதுகாப்பான உணவாக்குவது உப்பும் நீராவியும் குளிரும். புகையின் வேலை மணமும் நிறமும் தருவது.

சினை வாங்குவது

மணலை வாவியில் வளர்ந்து, சினை முற்றியதும் முட்டையிடக் கடலுக்குப் போகும் மீன். வயிறு சற்றுப் பருத்து, பக்கவாட்டில் அழுத்தினால் உறுதியாக இருக்கும் மீனைத் தேர்ந்தெடுங்கள். கல்லடியிலோ வாழைச்சேனையிலோ களுவாஞ்சிக்குடிச் சந்தையிலோ எங்கே வாங்கினாலும், மீன் வெட்டித் தருபவரிடம் “சினை கிழியாமல் வேண்டும்” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மணலை சேற்றில் உள்ள பாசியையும் கழிவையும் தின்னும் மீன். அதன் குடல் கரிய சேறாக இருக்கும். கத்தி ஆழமாகப் போய்க் குடலோ பித்தப்பையோ உடைந்தால் சினையில் சேற்று மணமும் கசப்பும் ஏறிவிடும். எவ்வளவு கழுவினாலும் போகாது.

நல்ல சினை இரண்டு நீளமான மடல்களாக, ஒரு முனையில் ஒட்டிக்கொண்டு வரும். நிறம் வெளிர் மஞ்சளிலிருந்து செம்மஞ்சள் வரை இருக்கலாம். அதைச் சுற்றியுள்ள சவ்வு கண்ணாடித்தாள் போல் மெல்லியது. அதன்மேல் செந்நிற நரம்புகள் கிளைவிட்டு ஓடும். விரலால் தொட்டால் திண்மையாக இருக்கவேண்டும். தண்ணீர்த் தன்மையோடு குழைகிற சினை முட்டையிடும் தறுவாயில் இருக்கிறது என்று பொருள். அது குழம்புக்குத்தான் உதவும். மணலை கிடைக்காத நாளில் பாரைச் சினையும் அறுக்குளாச் சினையும் இதே முறைக்கு நன்றாக ஒத்துவரும்.

ஒரு விடயத்தில் கண்டிப்பாக இருங்கள். எந்த மீனின் சினை என்று உங்கள் கண்ணால் பார்க்காத எதையும் வாங்கவேண்டாம். பேத்தை மீனின் சினையிலும் ஈரலிலும் டெட்ரோடொக்சின் என்ற நஞ்சு இருக்கிறது. அவித்தாலும் பொரித்தாலும் உப்பிட்டாலும் புகையூட்டினாலும் அது அழியாது. அதற்கு மாற்று மருந்தும் இல்லை. தட்டில் தனியாகக் குவித்து வைத்த சினை எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிட்டு வாருங்கள். முழு மீனை வாங்கி, கண்முன்னே வெட்டுவித்து, சினையை எடுப்பதே வழி.

சினை வேண்டும் என்பதற்காகவே சினை மீனைத் தேடித் திரிவதும் நல்லதல்ல. குழம்புக்கு வாங்கிய மீனில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். வாவியில் அடுத்த வருடமும் மணலை வேண்டும்.

உப்பிடுதல்

அரைக் கிலோ சினைக்கு 15 கிராம் உப்பு. அதாவது சினையின் எடையில் நூற்றுக்கு மூன்று பங்கு. தராசு இல்லாதவர்கள் மட்டமாகத் தட்டிய இரண்டரைத் தேக்கரண்டித் தூளுப்பு எடுக்கலாம். கல்லுப்பு என்றால் அம்மியில் நன்றாகத் தூளாக்குங்கள். கூர்மையான பரல் சவ்வைக் குத்திக் கிழித்துவிடும்.

சினையை ஓடும் தண்ணீரில் பிடிக்காமல், ஒரு பாத்திரத்தில் உப்புக் கரைத்த குளிர்ந்த நீரில் மெல்ல அலசுங்கள். நரம்புகளில் இரத்தம் நின்றால் புகைக்குப் பிறகு அது கறுத்து, கசப்பாகத் தெரியும். ஒரு ஊசியால் நரம்பின் நுனியில் குத்தி, தேக்கரண்டியின் பின்புறத்தால் மறுமுனையிலிருந்து மெல்லத் தள்ளிக்கொண்டு வந்தால் இரத்தம் வெளியேறும். இதற்கு அவசரப்படாதீர்கள். முழுச் செய்முறையிலும் கைப்பக்குவம் வேண்டிய இடம் இது ஒன்றுதான்.

பிறகு உப்பைச் சமமாகத் தூவி, மூடிய பாத்திரத்தில் வைத்து, குளிர்சாதனப் பெட்டியில் ஓர் இரவு விடுங்கள். காலையில் பாத்திரத்தில் தண்ணீர் விட்டிருக்கும். சினை முன்பைவிட இறுகியிருக்கும். அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, சினையை ஒரு தடவை அலசி, சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள்.

அவித்தல்

பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டியோ இடியப்பத் தட்டோ போதும். அடியில் வாழையிலைத் துண்டு விரித்து, சினையில் நாலைந்து இடத்தில் ஊசியால் குத்திவிட்டு வையுங்கள். குத்தாவிட்டால் உள்ளே எழும் ஆவி சவ்வைப் பிளந்துவிடும். தண்ணீர் கொதித்ததும் அடுப்பைக் குறைத்து மூடுங்கள்.

ஒரு விரல் தடிப்பான சினைக்கு 15 நிமிடம், இரண்டு விரல் தடிப்புக்கு 20 முதல் 25 நிமிடம். வெப்பமானி இருந்தால் நடுப்பகுதி 70 பாகை செல்சியஸைத் தொடவேண்டும். இல்லாவிட்டால் தடித்த மடலை ஓரிடத்தில் வெட்டிப் பாருங்கள். நடுவரை ஒரே நிறமாக, மணி மணியாக உதிரவேண்டும். கண்ணாடி போன்ற பசை கொஞ்சம் தெரிந்தாலும் இன்னும் ஐந்து நிமிடம் அவியுங்கள்.

உலர்த்துதல்

புதியவர்கள் தாண்டிப் போய்விடும் படி இது. ஈரமான மேற்பரப்பில் புகை படிந்தால் புளித்த கரியின் சுவை வரும். அவித்த சினையைக் கம்பி வலையில் வைத்து, ஈ மொய்க்காமல் வலைத்துணியால் மூடி, காற்றோட்டமான நிழலில் விடுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அரை மணிநேரத்தில் காய்ந்துவிடும். மாரியில் மின்விசிறிக்கு முன்னால் ஒரு மணிநேரமாவது வேண்டும். விரலால் தொட்டால் ஈரம் ஒட்டாமல், ஆனால் இலேசாகப் பிசுபிசுக்கவேண்டும். அந்தப் பிசுபிசுப்பில்தான் புகை பிடித்துக்கொள்ளும்.

புகைக்கு எது, எது கூடாது

எனது தெரிவு காய்ந்த தென்னம் பொச்சு, அதாவது தேங்காயின் நார் மட்டை. சிரட்டை சுவாலையிட்டு எரியும். பொச்சு கனன்று கனன்று மெதுவாகப் புகையும். புகையூட்டலுக்கு நமக்குத் தேவை அந்தக் கனல்தான். நன்றாகக் காய்ந்த இரண்டு கைப்பிடிப் பொச்சை விரல் நீளத் துண்டுகளாகப் பிய்த்துக்கொள்ளுங்கள். அதோடு ஒரு துண்டுக் கறுவாப்பட்டை சேர்த்தால் மணம் நன்றாக இருக்கும். பொச்சு கிடைக்காதவர்கள் ஒரு கைப்பிடி அரிசி, இரண்டு மேசைக்கரண்டித் தேயிலை, ஒரு மேசைக்கரண்டிச் சீனி ஆகியவற்றைக் கலந்து பயன்படுத்தலாம். சீனர்கள் வாத்துக்குப் புகையூட்டும் முறை அது. மாமர விறகின் சீவலும் கொய்யா மரச் சீவலும் நல்லவை.

வாவிக்கரையில் வாழ்பவர்கள் தில்லை என்ற கண்டல் மரத்தைத் தொடவே கூடாது. அதன் பால் கண்ணைக் கெடுக்கும். விறகின் புகையும் கண்ணுக்கும் மூச்சுக்கும் தீங்கு. அலரி மரம் முழுவதும் நஞ்சு. அதன் காய்ந்த குச்சிகூட வேண்டாம். மரமுந்திரிகைக் கொட்டையின் ஓடு எரிக்க எளிதாகக் கிடைக்கும், ஆனால் அதிலுள்ள எண்ணெய் தோலைப் புண்ணாக்கும் வகை. அந்தப் புகை உணவில் படக்கூடாது. வர்ணம் பூசிய பலகை, பெட்டிப் பலகை, ஒட்டுப்பலகை எதுவும் ஆகாது. மற்றைய கண்டல் மரங்களையும் விட்டுவிடுங்கள். 2015 இல் இலங்கை தனது கண்டல் காடுகள் முழுவதையும் பாதுகாப்பதாக அறிவித்தது. அதைவிட நெருக்கமான காரணமும் இருக்கிறது: மீன் குஞ்சுகள் ஒதுங்கி வளர்வது அந்த வேர்களுக்கு இடையில்தான்.

புகையூட்டுதல்

இதை வீட்டுக்கு வெளியே, முற்றத்து அடுப்பில் செய்யுங்கள். மூடிய அறையில் பொச்சுப் புகை ஆபத்தானது. பழைய இரும்புத் தாச்சி அல்லது தடித்த அலுமினியச் சட்டி ஒன்றும், அதற்குப் பொருந்தும் மூடியும் வேண்டும். ஒட்டாத பூச்சுள்ள சட்டி வேண்டாம். வெறும் சூட்டில் அந்தப் பூச்சு நச்சு ஆவியை விடும்.

தாச்சியின் அடியில் அலுமினியத்தாள் விரித்து, பொச்சுத் துண்டுகளைப் பரப்புங்கள். அதற்கு மேலே மூன்று விரல் உயரத்தில் கம்பி வலை இருக்கவேண்டும். நடுத்தரத் தீயில் வைத்து, புகை எழும்பும்வரை காத்திருங்கள். முதலில் வரும் தடித்த மஞ்சள் புகை கசப்பானது, அதைப் போகவிடுங்கள். புகை மெல்லியதாகி, வெண்ணீலமாக ஒரே சீராக வரும்போது சினையை வலையில் இடைவெளிவிட்டு அடுக்கி மூடுங்கள். மூடியின் விளிம்பைச் சுற்றி ஈரத்துணியைத் திணியுங்கள். தீயைக் குறையுங்கள்.

15 நிமிடத்தில் திறந்து, சினையைத் திருப்பி, மீண்டும் மூடி இன்னும் 10 நிமிடம். அடுப்பை அணைத்த பிறகும் 10 நிமிடம் மூடியபடியே விடுங்கள். இடையில் பொச்சு சுவாலை பிடித்தால் உடனே மூடியை இறுக்கி அடையுங்கள், காற்றில்லாமல் அணைந்துவிடும். சுவாலையும், கொழுப்பு சொட்டிக் கருகுவதும் உடலுக்கு ஆகாத கரிச்சேர்மங்களை உண்டாக்கும். அதனால்தான் மெல்லிய புகை, குறுகிய நேரம்.

எடுக்கும்போது சினை பழுத்த பனம்பழத்தின் செம்மஞ்சள் நிறத்தில், மேலே மெல்லிய பளபளப்போடு இருக்கும். சூட்டோடு சாப்பிட்டால் புகை மட்டுமே தெரியும். ஆறவைத்து, குளிர்சாதனப் பெட்டியில் சில மணிநேரம் வைத்தால் புகையும் உப்பும் உள்ளே இறங்கிச் சினையின் சுவை மேலே வரும்.

எவ்வளவு நாள் வைக்கலாம்

இது கருவாடு அல்ல. வெளியே வைத்தால் நிற்காது. காகிதத்தில் சுற்றி, மூடியுள்ள பெட்டியில், 5 பாகைக்குக் குறைவான குளிரில் நான்கு நாட்களுக்குள் முடியுங்கள். உறையவைத்தால் இரண்டு மாதம் சுவை குன்றாது. காற்றை உறிஞ்சி அடைக்கும் பையிலோ எண்ணெய் நிரப்பிய போத்தலிலோ போட்டு வைக்கவேண்டாம். காற்றில்லாத இடத்தில் வளரும் பொட்டுலினம் நுண்ணுயிரி நஞ்சை உண்டாக்கும். அது மணத்திலோ நிறத்திலோ தெரியாது. மின்சாரம் நான்கு மணிநேரத்துக்கு மேல் நின்றிருந்தால் எறிந்துவிடுங்கள்.

உடலுக்கு என்ன

பச்சை மீன் சினை 100 கிராமில் பொதுவாக 22 கிராம் புரதமும் 6 கிராம் அளவு கொழுப்பும் இருக்கின்றன. அந்தக் கொழுப்பில் ஒமேகா 3 கணிசமான பங்கு. விற்றமின் பி12 ஏறக்குறைய 10 மைக்ரோகிராம். வளர்ந்தவருக்கு ஒரு நாளுக்குத் தேவை 2.4 மைக்ரோகிராம்தான். விற்றமின் டியும் நல்ல அளவில் உண்டு. புகை இவற்றில் எதையும் கூட்டுவதில்லை.

மறுபக்கமும் இருக்கிறது. அதே 100 கிராமில் 370 மில்லிகிராமுக்கு மேல் கொலஸ்ட்ரோல். நாம் சேர்த்த உப்பின் கணக்கில் 50 கிராம் சினை சாப்பிட்டால் ஒன்றரைக் கிராம் உப்பு உள்ளே போகிறது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் சொல்லும் எல்லை 5 கிராமுக்குக் குறைவு. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஓரிரு துண்டோடு நிறுத்துங்கள். யூரிக் அமிலம் கூடி வரும் கீல்வாதம் உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது. கர்ப்பிணிகள் பெட்டியிலிருந்து எடுத்ததை அப்படியே உண்ணாமல் ஆவி பறக்கச் சூடாக்கியே சாப்பிடவேண்டும்.

பிட்டுக்கு ஒரு சம்பல், சோற்றுக்கு ஒரு சொதி

சம்பலுக்கு 100 கிராம் புகைச் சினையின் சவ்வை உரித்து, கையால் உதிர்த்துக்கொள்ளுங்கள். எட்டுச் சின்ன வெங்காயமும் இரண்டு பச்சை மிளகாயும் மெல்லியதாக அரிந்து, அரைக் கப் தேங்காய்ப்பூவோடு பிசைந்து, கடைசியில் சினையையும் அரைத் தேசிக்காயின் சாற்றையும் சேருங்கள். உப்பு போடவேண்டாம். மாசியும் போடவேண்டாம், ஒரு புகையை இன்னொரு புகை மறைத்துவிடும். சூடான குரக்கன் பிட்டுக்கு இதைவிடப் பொருத்தமான துணையை நான் அறியேன்.

சொதிக்கு இரண்டாம் தேங்காய்ப் பாலில் வெங்காயம், பச்சை மிளகாய், அரைத் தேக்கரண்டி வெந்தயம், ஒரு சிட்டிகை மஞ்சள், கறிவேப்பிலை சேர்த்து வெங்காயம் வேகும்வரை கொதிக்கவிடுங்கள். தலைப்பாலை ஊற்றி, ஒரு கொதி எழும் முன்பே அடுப்பை அணையுங்கள். சினையை விரல் தடிப்பு வட்டங்களாக அரிந்து அதில் இறக்கி, ஐந்து நிமிடம் மூடிவையுங்கள். கொதிக்கும் பாலில் போட்டால் சினை வரண்டு மாவாகிவிடும். சுவை பார்த்த பிறகே உப்பைத் தீர்மானியுங்கள், பெரும்பாலும் தேவைப்படாது. தேசிக்காய்ச் சாற்றைச் சட்டியில் விடாமல், பரிமாறும்போது அவரவர் கோப்பையில் பிழிந்துகொள்ளட்டும்.