பிள்ளைகளோடு செந்தோசா யுனிவர்சல்: ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து கிளம்புவோருக்கான செய்முறை

முதலில் எடுக்க வேண்டியது இரும்பு டேப். பாஸ்போர்ட், டிக்கெட் எல்லாம் அப்புறம். சிங்கப்பூரின் செந்தோசா தீவிலுள்ள யுனிவர்சல் ஸ்டுடியோஸ் பார்க் வாசலில் பிள்ளையின் வயதை யாரும் கேட்பதில்லை, உயரத்தைத்தான் கேட்கிறார்கள்.

படி 1: உயரம்

செருப்பைக் கழற்றி, குதிகால் சுவரில் ஒட்ட நிற்கவையுங்கள். தலைமேல் தடித்த நோட்டு ஒன்றைப் படுக்கையாக வைத்து, அதன் அடி விளிம்பு சுவரைத் தொடும் இடத்தில் பென்சில் கோடு. தையல் டேப் வேண்டாம், பழசானால் இழுபட்டு நீண்டிருக்கும். சாயங்காலம் அளந்து பாருங்கள். முதுகெலும்பு வட்டுகள் பகல் முழுக்க அழுந்துவதால், காலையில் இருந்ததைவிட ஒரு சென்டிமீட்டர் வரை குறையும். பெரிய ரைடில் உங்கள் முறை மதியத்துக்கு மேல் வந்தாலும் அந்த அளவு பொருந்தும்.

இனி கணக்கு. சிங்கப்பூர் யுனிவர்சலில் ஏறக் குறைந்தபட்ச உயரம்: பேட்டில்ஸ்டார் கலாக்டிகா ரோலர் கோஸ்டருக்கு 125 செ.மீ., மம்மி ரோலர் கோஸ்டருக்கு 122, ஜுராசிக் பார்க் படகுக்கு 107, டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கு 102, கனோபி ஃபிளையருக்கு 92. கடைசி மூன்றிலும் 122க்குக் கீழே இருந்தால் பெரியவர் ஒருவர் கூட உட்கார வேண்டும். 124 செ.மீ. பிள்ளையிடம் கலாக்டிகா வீடியோவைக் காட்டிக் கூட்டிப் போகாதீர்கள். ஷூவுக்குள் அட்டை வைக்கிற வித்தையெல்லாம் அங்கே எடுபடாது.

வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் 100 செ.மீ.க்குக் கீழே என்றால் இந்த பார்க்குக்குச் செலவழிப்பது வீண். 2005இல் திறந்த ஹாங்காங் டிஸ்னிலேண்டில் உயரக் கட்டுப்பாடே இல்லாத ரைடுகள் நிறைய. ஹாங்காங்குக்குள் நுழைய இந்தியர்கள் கிளம்பும் முன் ஆன்லைனில் பதிய வேண்டும், கட்டணம் கிடையாது. வாப்பா அபுதாபியில் வேலை பார்க்கிறார் என்றால் அங்குள்ள யாஸ் தீவுக்குப் போகலாம். அங்கே வார்னர் பிரதர்ஸ் வேர்ல்ட் பார்க் முழுக்கக் கூரைக்குள், ஏசியில் இருப்பதால் மே வெயில் ஒன்றும் செய்யாது.

படி 2: தேதி

விசைப்படகுக்காரர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், பள்ளி விடுமுறையும் அதே சமயம்தான். ஆனால் மே கடைசி வாரத்துக்குள் திரும்பிவிடுங்கள். அதன்பிறகு சிங்கப்பூரிலும் பள்ளி விடுமுறை தொடங்கி, வரிசை நீளும். மே 1ஐயும் விசாக தினத்தையும் தவிர்த்து, செவ்வாய் அல்லது புதனில் போனால் நீண்ட வரிசையைத் தவிர்க்க விற்கும் எக்ஸ்பிரஸ் பாஸை வாங்க வேண்டியதில்லை.

படி 3: பெயர் (பலர் மாட்டுவது இங்கேதான்)

நம் ஊரில் இனிஷியல்தான் வழக்கம், பாஸ்போர்ட்டிலோ சர்நேம் என்று தனிக் கட்டம். ஒரே வீட்டில் அப்பாவுக்கு அந்தக் கட்டம் காலியாக இருக்கும், மகளுக்கு அப்பா பெயர் நிரம்பியிருக்கும். இரண்டுமே செல்லும். டிக்கெட் தளம் காலிக் கட்டத்தை ஏற்காதபோது தோன்றியதை நிரப்புவதுதான் சிக்கலாகிறது. சில விமான நிறுவனங்கள் அதே பெயரை இரு கட்டத்திலும் போடச் சொல்லும், சில வேறு மாதிரி. அந்தந்த நிறுவனத்தின் உதவிப் பக்கத்தைப் பார்த்துவிட்டுப் போடுங்கள். விசாப் படிவத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து.

பிள்ளைகளின் பாஸ்போர்ட்டுக்கு ஆயுள் ஐந்தே வருடம் என்பதையும் பாருங்கள். பயணத் தேதியிலிருந்து ஆறு மாதமாவது மீதி இருக்க வேண்டும்.

*பின்னர் சேர்த்தது:* அமீரகம் போகிறவர்களுக்குப் பெயர் விஷயம் இன்னும் கடுமை. 2022 நவம்பரிலிருந்து பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் விசிட் விசாவில் விடுவதில்லை. தந்தை பெயர் இரண்டாவது பக்கத்தில் இருந்தால் ஏற்பதாகப் பிறகு தளர்த்தினார்கள்.

படி 4: விசா, வருகை அட்டை

சிங்கப்பூர் விசா அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் வழியாக. புகைப்படம் வெள்ளைப் பின்னணியில், மூன்று மாதத்துக்குள் எடுத்தது. வருகை அட்டையை (SG Arrival Card) இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் சிங்கப்பூர் குடிநுழைவுத் துறையின் தளத்தில் நிரப்ப வேண்டும். இது இலவசம். கார்டு எண் கேட்கிற தளம் போலி, மூடிவிடுங்கள்.

படி 5: பயணம்

திருச்சியிலிருந்து ஸ்கூட் விமானம் நேரடியாகப் போகிறது. ராமநாதபுரத்திலிருந்து தேவகோட்டை, காரைக்குடி, புதுக்கோட்டை வழி. நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள். ஸ்கூட்டில் கைப்பை 10 கிலோ. பாட்டி கூட வந்தால் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து பாருங்கள்: வாய்ப் புகையிலை சிங்கப்பூருக்குள் கொண்டுபோகத் தடை. பபிள்கம்மும் அப்படியே.

படி 6: பார்க்குக்குள்

ஹார்பர்ஃபிரண்ட் ரயில் நிலையத்தில் இறங்கி, விவோசிட்டி மூன்றாம் தளத்தில் மோனோரயில் பிடித்தால் பார்க் இருக்கும் ரிசார்ட்ஸ் வேர்ல்ட் முதல் நிறுத்தம். அதைவிட போர்டுவாக் நடைபாதைதான் நல்லது: கால் மணி நேர நடை, காசில்லை, தள்ளுவண்டியும் போகும்.

திறந்தவெளி ரைடுகளுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். மதியத்துக்கு மேல் மின்னல் எச்சரிக்கை வந்தால் கலாக்டிகாவையும் கனோபியையும் நிறுத்திவிடுவார்கள். மம்மியும் டிரான்ஸ்ஃபார்மர்ஸும் கூரைக்குள், மழைக்கு அவைதான். கைக்குழந்தை இருந்தால் வரிசைத் தொடக்கத்திலேயே ஊழியரிடம் 'சைல்ட் ஸ்வாப்' கேளுங்கள். ஒருவர் ஏறி இறங்கும்வரை மற்றவர் குழந்தையோடு காத்திருந்து, மறுபடி வரிசையில் நிற்காமல் ஏறலாம். வரிசையின் கடைசியில் போய்க் கேட்டால் திருப்பி அனுப்பவும் கூடும். போனையும் பையையும் லாக்கரில் வைத்தால் முதலில் கொஞ்ச நேரம் இலவசம், தாண்டினால் கட்டணம். எந்த லாக்கர் என்பது மறந்துபோகும், எண்ணைக் கையில் பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள். ஜுராசிக் படகில் நனையத்தான் செய்யும், ஆகவே அதைக் கடைசியாக வையுங்கள்.