கூத்து, பறை ஒலியைக் கணினிக்குப் பழக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பு, அம்பாறைக் கூத்துக் களரிகளிலும் கோயில் சடங்குகளிலும் எடுத்த பதிவுகளை வைத்துக் கணினிக்கு இசை பழக்குபவர்கள் முதலில் சறுக்குவது பெயர் குறிப்பதில். பறைமேளம் சாவீட்டிலும் முழங்கும், கோயிலிலும் முழங்கும். கையிலுள்ள பதிவுகளில் பெரும்பாலானவை சாவீட்டில் எடுத்தவை என்றால், பறை கேட்டதும் 'துக்கம்' என்று சொல்லக் கணினி பழகிவிடும். பறை அடிப்பவர்களுக்கு அது பெரிய அநியாயம். ஆகவே 'சோகம்', 'மகிழ்ச்சி' என்று அட்டவணையின் ஒரே நிரலில் எழுதாமல், வாத்தியம், சந்தர்ப்பம், கூத்தின் கட்டம் (பாத்திரம் ஆடி வரும் வரவு, தாளத்தோடு பாடும் தரு, தாளமின்றி இழுத்துப் பாடும் விருத்தம்) என மூன்று நிரல்கள் வையுங்கள். ஒவ்வொரு துண்டையும் இருவர் தனித்தனியே குறிக்கட்டும். ஒருவராவது மத்தளம் அடித்துப் பழகியவராய் இருக்கட்டும். இருவரும் முரண்படும் இடங்களில் உங்கள் வரையறையைத் திருத்த வேண்டும்.

அடுத்த தவறு மதிப்பெண்ணைக் காட்டி ஏமாற்றும். ஓரிரவுக் கூத்தை 10 செக்கன் துண்டுகளாக வெட்டிக் கலைத்து, 80 வீதத்தைப் பயிற்சிக்கும் 20 வீதத்தைச் சோதனைக்கும் வைத்தால் முடிவு அபாரமாக வரும். அதை நம்பாதீர்கள். கூத்தை நடத்தும் அதே அண்ணாவியார், அதே மத்தளம், அதே மைக் இரண்டு பக்கமும் இருக்கிறது. உலகெங்கும் பயன்பட்ட ஜிடிசான் என்ற இசைப் பதிவுத் தொகுப்பிலும், 1000 துண்டுகளுக்குள் ஒரே கலைஞர்கள் திரும்பத் திரும்ப வந்ததால் இதே கோளாறு இருந்தது. எந்தெந்த இரவு பயிற்சிக்கு, எது சோதனைக்கு என்று வெட்டுவதற்கு முன்பே ஒதுக்கிவிடுங்கள்.

களரிக்குப் பக்கத்தில் ஜெனரேட்டர் ஓடினால் இன்னும் கவனம் வேண்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மைக் வயரில் ஏறும் முனகல் 50, 100, 150 ஹெர்ட்ஸில் கிடைக்கோடுகளாக ஸ்பெக்ட்ரோகிராமில் (ஒலியைக் காட்டும் படத்தில்) தெரியும். அது கூத்துப் பதிவுகளில் மட்டும் இருந்தால், கணினி கூத்தை விட்டு முனகலைக் கற்றுக்கொள்ளும். ஆட்டம் தொடங்குமுன் வாத்தியம் ஒலிக்காத ஒரு நிமிடத்தைப் பதிந்து, பழகிய கணினிக்கு அதையே கொடுத்துப் பாருங்கள். 'வடமோடி' என்று ஒரு கூத்து வகையின் பெயர் விடையாக வந்தால் விஷயம் புரிந்துவிடும். அப்படிப்பட்ட பதிவுகளை 'வாத்தியம் இல்லை' என்று குறித்துப் பயிற்சியில் சேர்த்து, மறுபடி தொடங்குங்கள்.

பதிவு 48,000 மாதிரி வீதத்தில் (செக்கனுக்கு அத்தனை முறை ஒலியை அளப்பது), 24 பிட் வேவ் கோப்பாக இருக்கட்டும். உச்ச ஒலி மைனஸ் 10 டெசிபெல்லைத் தாண்ட வேண்டாம். மத்தள அடியின் தலை வெட்டுப்பட்டால் பிறகு சரிசெய்வது கடினம். வாட்ஸ்அப் குரல் பதிவு உதவாது. போனின் இரைச்சல் நீக்கியையும் நிறுத்துங்கள். பேச்சுக்காகச் செய்த கருவி அது, சல்லரி என்ற கைத்தாளத்தை இரைச்சலென்று அமுக்கிவிடும்.

நல்ல பதிவையும் மென்பொருள் குறைத்துவிடலாம். லிப்ரோசா என்ற ஒலி ஆய்வு மென்பொருள், நீங்கள் வேறு சொல்லாவிட்டால், கோப்பைத் திறக்கும்போதே மாதிரி வீதத்தை 22,050 ஆக்கிவிடும். ஒலிகளை வகைப்படுத்தும் யாம்நெட் மொடல் 16,000 மாதிரி வீதத்தில் இயங்குவது. அதில் பாதியான 8,000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள சல்லரி ஒலி அதற்கு எட்டாது.

விருத்தத்துக்கு ஒலியை 12 சுரப் பெட்டிகளில் போடும் குரோமா முறையை நம்பாதீர்கள். இழுத்து நெளிந்து பாடும் குரல் பக்கத்துப் பெட்டிகளில் சிதறிவிடும். 10 மில்லி செக்கனுக்கு ஒருமுறை சுருதியை அளந்து, பாடுபவரின் ஆதார சுருதியிலிருந்து எத்தனை சென்ட் (அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு) விலகியிருக்கிறது என்று கணக்கிட்டுக் கொடுங்கள்.