மோடம் கொடுத்த தேதியா, நோட்டீஸ் கொடுத்த தேதியா?

கோலாலம்பூரின் செந்தூலில் வீடு மாறியபோது பழைய பிராட்பேண்டை நிறுத்தினோம். 24 மாத ஒப்பந்தம் முடிந்திருந்ததால் அபராதம் இல்லை. ஆனால் முன்னறிவிப்பு வேறு விஷயம்: ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் சேவை மாதாமாதம் தானாகவே தொடரும், நிறுத்த 30 நாள் முன்பே சொல்ல வேண்டும் என்று எங்கள் ஒப்பந்தத்தில் இருந்தது. சொல்லியும் கூடுதலாக ஒரு பில் வந்தது! மின்னஞ்சல் அனுப்பிய தேதியை விட்டுவிட்டு, மோடத்தைத் திருப்பிக் கொடுத்த தேதியிலிருந்து அந்த 30 நாளை எண்ணியிருந்தார்கள். இது அநியாயம். மின்னஞ்சலையும், மோடத்தின் சீரியல் எண்ணை எழுதி முத்திரை குத்திய கவுண்டர் ரசீதையும் இணைத்து நிறுவனத்துக்கே முதலில் புகார் அனுப்பினேன். தீராவிட்டால் மலேசியாவின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான எம்சிஎம்சியிடம் போவேன் என்றும் எழுதினேன். தொகையைக் கழித்துவிட்டார்கள். அப்புறம்தான் வங்கியில் ஆட்டோ டெபிட்டை ரத்து செய்தேன்.