சேலத்திலிருந்து முதல் வெளிநாட்டுப் பயணம்: பெயர் எழுதுவது முதல் பெட்டி கட்டுவது வரை

இதுவரை பாஸ்போர்ட்கூட எடுக்காத ஒருவர், சேலத்திலிருந்து கிளம்பி ஒரு வாரம் மலேசியாவுக்கோ சிங்கப்பூருக்கோ இலங்கைக்கோ போய்வர என்னென்ன செய்ய வேண்டும் என்பதை, செய்ய வேண்டிய வரிசையிலேயே இங்கே விளக்குகிறேன். புறப்படும் வரை கறாராகவும், போய் இறங்கிய பிறகு தளர்வாகவும் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்: ஆவணங்களை "பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போட்டுவிட்டு, ஊர் சுற்றும் நாட்களை நிமிடக் கணக்கில் அடைத்து வைக்கிறோம். பயண நாளுக்கு நான்கு மாதங்கள் முன்பே வேலையைத் தொடங்கிவிட்டால் எதற்கும் ஓடித் திரிய வேண்டியிருக்காது.

1. பெயரை முடிவு செய்யுங்கள்

விண்ணப்பத்தைத் திறப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. பாஸ்போர்ட்டில் முன்னெழுத்துக்கு இடமில்லை. அதை விரித்து எழுத வேண்டும். மு. செல்வராஜ் என்பவர் பெயர்ப் புலத்தில் செல்வராஜ் என்றும், குடும்பப்பெயர்ப் புலத்தில் தந்தை பெயரான முருகேசன் என்றும் நிரப்புவதே நம் ஊர் வழக்கத்துக்குப் பொருந்தி வரும். குடும்பப்பெயர் நமக்கு ஏது என்று அந்தப் புலத்தை வெற்றாக விட்டுவிடுகிறவர்கள் உண்டு. ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசா கிடையாது என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்து, பிறகு தந்தை பெயர் கடைசிப் பக்கத்தில் இருந்தால் போதும் என்று தளர்த்தியது. அப்படி ஒரு சிக்கலுக்கு இடம் கொடுக்காமல் இரண்டு புலங்களையும் நிரப்பிவிடுவதே நல்லது.

அடுத்தது ஆங்கில எழுத்துக்கூட்டல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும், ஆதாரில் வேறு விதமாகவும், பான் அட்டையில் மூன்றாவது விதமாகவும் பெயர் இருப்பது நம்மிடையே சாதாரணம். முதலில் ஆதாரையும் பானையும் சான்றிதழோடு ஒத்துப்போகும்படி திருத்திக்கொண்டு, அதன் பிறகே விண்ணப்பியுங்கள். விமானச் சீட்டும் விசாவும் ஓட்டல் முன்பதிவும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். வெளிநாட்டு விமான நிலையங்களில் உங்களைத் தந்தை பெயரைச் சொல்லித்தான் அழைப்பார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். "மிஸ்டர் முருகேசன்" என்று ஒலிபெருக்கியில் கூப்பிடும்போது, அப்பா வீட்டில் இருக்கிறாரே என்று பேசாமல் உட்கார்ந்திருக்கக் கூடாது.

2. பாஸ்போர்ட் எடுங்கள்

பாஸ்போர்ட் சேவா இணையதளத்தில் விண்ணப்பத்தை நிரப்பி, கட்டணம் செலுத்தி, நேரம் ஒதுக்கிக்கொள்ள வேண்டும். பெரியவர்களுக்கு 36 பக்கங்களும் பத்தாண்டு செல்லுபடியும் கொண்ட பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய். தட்கல் என்றால் கூடுதலாக 2,000 ரூபாய். சேலத்திலேயே அஞ்சலகப் பாஸ்போர்ட் சேவை மையம் இருப்பதால் கோவைக்கு அலைய வேண்டியதில்லை. பத்தாம் வகுப்புச் சான்றிதழின் அசலை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். பிற்காலத்தில் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போக நேர்ந்தால், குடியகல்வுச் சோதனை தேவையில்லாத (ECNR) வகையைச் சேர்ந்த பாஸ்போர்ட்டாக இருப்பது உதவும், அதற்கு இந்தச் சான்றிதழ் போதும். ஏற்கெனவே பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள், பயண நாளிலிருந்து ஆறு மாதங்களுக்கு மேல் அது செல்லுபடியாகுமா என்று பாருங்கள். ஆகாது என்றால் முதலில் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

3. எளிதான நாட்டையும் அருகிலுள்ள விமான நிலையத்தையும் தேர்ந்தெடுங்கள்

முதல் பயணத்துக்கு ஐரோப்பா வேண்டாம் என்பேன். ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு வங்கிக் கணக்கு விவரமும் 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடும் நேர்முகமாகக் கைரேகையும் கொடுத்தாக வேண்டும். மலேசியா 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களை 30 நாட்கள் வரை விசா இல்லாமல் அனுமதிக்கிறது. இந்தச் சலுகை 2026 இறுதி வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. சிங்கப்பூருக்கு அங்கீகரிக்கப்பட்ட முகவர் வழியாக விசா வாங்க வேண்டும். இவ்விரு நாடுகளுக்கும், போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். அது இலவசம், கட்டணம் கேட்கும் தளம் அரசின் தளம் அல்ல. விசா விதிகள் அடிக்கடி மாறுவதால், சீட்டு எடுக்கும் முன் அந்தந்த நாட்டு அரசின் தளத்தில் ஒருமுறை சரிபாருங்கள்.

காமலாபுரத்தில் உள்ள நம் விமான நிலையத்திலிருந்து வெளிநாட்டு விமானங்கள் இல்லை. சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு மூன்றுக்கும் நேரடி விமானங்கள் புறப்படும் திருச்சியே என் முதல் தேர்வு. நாமக்கல் வழியாக ஏறக்குறைய 140 கிலோமீட்டர்தான். பெங்களூரில் விமானங்கள் அதிகம், சில நேரம் சீட்டும் மலிவு. ஆனால் தொப்பூர் கணவாயில் ஒரு லாரி கவிழ்ந்தாலே மணிக்கணக்கில் வண்டிகள் நின்றுவிடும். அதைத் தாண்டி ஓசூர் வழியாக நுழைந்த பிறகும், விமான நிலையம் நகரின் வடகோடியில் தேவனஹள்ளியில் இருக்கிறது. சீட்டில் மிச்சமான பணத்தை வாடகைக் காரும் பதற்றமும் தின்றுவிடும்.

4. பணமும் கைபேசியும்

வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை இயல்பாகவே மூடி வைக்கப்பட்டிருக்கும். வங்கிச் செயலியில் அதைத் திறந்து, வரம்பையும் நீங்களே குறிக்க வேண்டும். கொஞ்சம் அயல்நாட்டு நோட்டுகளை உரிமம் பெற்ற நாணய மாற்றுக் கடையில் வாங்கி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வெளிநாட்டுக் கடையில் அட்டையைக் கொடுக்கும்போது "ரூபாயிலா, உள்ளூர்ப் பணத்திலா?" என்று இயந்திரம் கேட்டால், எப்போதும் உள்ளூர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள், ரூபாய் என்று அழுத்தினால் அவர்கள் வைக்கும் மாற்று விகிதத்துக்கு நீங்கள் கட்டுப்பட்டுவிடுவீர்கள்.

கைபேசியில் இ-சிம் அல்லது அந்த ஊர் சிம் இணையத்துக்கு இருக்கட்டும். இந்திய சிம்மை எடுத்துவிடாமல், ரோமிங் வசதியை மட்டும் இயக்கி, அதன் இணையத்தை அணைத்து வைத்தால், வங்கியின் ஓடிபி தடையின்றி வந்து சேரும்.

5. பெட்டி கட்டி, ஏற்காட்டில் ஒத்திகை பாருங்கள்

பயணத்துக்கு இரண்டு வாரங்கள் முன்பு, கட்டிய பெட்டியோடு ஒரு சனி, ஞாயிறு ஏற்காட்டுக்குப் போய்வாருங்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடிப்பதற்குள் வீட்டில் யாருக்கு வாந்தி மாத்திரை தேவை என்பது தெரிந்துவிடும். ஏரிக்கரையிலிருந்து சேர்வராயன் கோயில் வரை நடந்து பார்த்தால், புதிதாக வாங்கிய ஷூ குதிகாலைக் கடிக்கிறதா என்பதும் தெரியும். அந்நிய ஊரில் நாள் முழுக்க நடக்கப்போகும் கால்களுக்கு இந்தச் சோதனை அவசியம். இரண்டு நாட்களில் பெட்டியிலிருந்து வெளியே வராத துணிகளில் பாதியைத் திரும்ப அலமாரியில் வையுங்கள்.

நம் வீட்டுப் பெட்டிக்கே உரிய சில எச்சரிக்கைகள்:

• கசகசாவைச் சிங்கப்பூரும் அமீரகமும் தடை செய்திருக்கின்றன. குருமாவுக்கு என்று அம்மா பொட்டலம் கட்டிக் கொடுத்தாலும் எடுத்துவிடுங்கள்.
• கொப்பரைத் தேங்காய் எளிதில் தீப்பற்றும் என்பதால் பதிவுப் பெட்டியில் (விமான நிறுவனத்திடம் பதிவு செய்து ஒப்படைக்கும் பெட்டி) வைக்க விடமாட்டார்கள்.
• மல்கோவாவும் குண்டு மாம்பழமும் உறவினருக்கு ஆசையாகக் கொண்டுபோகத் தோன்றும். ஆனால் பல நாடுகளில் பழங்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. ஏற்காட்டுக் காப்பித்தூள் பாதுகாப்பான அன்பளிப்பு. செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசு இன்னும் நல்லது.
• பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். திரவங்களுக்கு 100 மில்லி கட்டுப்பாடு கைப்பைக்கு மட்டுமே என்பதால், ஊறுகாயையும் எண்ணெய்ப் புட்டியையும் பதிவுப் பெட்டியில் இறுகக் கட்டி வையுங்கள்.
• சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, அமீரகம் நான்கிலும் தட்டையான மூன்று முள் கொண்ட பிரிட்டிஷ் பிளக்கே பழக்கம். அதற்கான அடாப்டர் ஒன்று போதும்.
• மாத்திரைகளை மருத்துவர் சீட்டோடு அசல் அட்டையிலேயே வையுங்கள். கோடீன் கலந்த இருமல் மருந்து அமீரகத்தில் பெரும் வம்பாகிவிடும்.

நகை அதிகம் அணிந்து போகிறவர்கள், புறப்படும்போதே சுங்க அதிகாரியிடம் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொண்டால், திரும்பும்போது "இது எங்கே வாங்கியது?" என்ற கேள்விக்குப் பதில் கையில் இருக்கும்.

6. விமான நிலையத்தில்

மூன்று மணி நேரம் முன்பே போய்விடுங்கள். பெட்டியைப் பதிவு செய்வது, குடிவரவுச் சோதனை, பாதுகாப்புச் சோதனை என்ற வரிசையில் நடக்கும். திரும்பும் சீட்டும் தங்குமிட முன்பதிவும் அச்சிட்ட தாளில் கையில் இருக்கட்டும். எத்தனை நாள், எங்கே தங்குகிறீர்கள் என்று கேட்டால், கேட்டதற்கு மட்டும் நேராகப் பதில் சொன்னால் போதும்.

7. போய் இறங்கிய பிறகு

இனித் தளர்வு. ஒரு நாளுக்கு ஒரே ஓர் இடத்தை மட்டும் உறுதி செய்து, அதையும் காலையிலேயே முடித்துவிட்டு, வெயில் ஏறியபின் நாளை அதன் போக்கில் விட்டுவிடலாம். கோலாலம்பூரில் என்றால் கேஎல் சென்ட்ரல் நிலையத்திலிருந்து ரயிலேறி விடியலிலேயே பத்துமலைக்குப் போங்கள். ஆத்தூர் அருகே புத்திரகவுண்டன்பாளையத்தில் 2022இல் குடமுழுக்கு கண்ட 146 அடி முருகனைப் பார்த்தவர்களுக்கு, அங்குள்ள முருகன் சற்றே உயரம் குறைவாகத் தெரிவார். ஆனால் 272 படிகளை ஏறி, சுண்ணாம்புப் பாறைக் குகைக்குள் மேலிருந்து வெளிச்சம் இறங்கும் இடத்தில் நிற்கும்போது, அளவு பற்றிய நினைப்பே வராது. படிகளில் குரங்குகள் பையைப் பறிக்கும். கையில் தின்பண்டம் வேண்டாம். திரும்பும் வழியில் "மாமாக்" எனப்படும் தமிழ் முஸ்லிம் உணவுக்கடை ஒன்றில் உட்கார்ந்து, ரொட்டி சானாயும் (நம் பரோட்டா போன்றது) தேத்தாரிக்கும் (ஆற்றிய பால் தேநீர்) சொல்லிவிட்டு அரை மணி நேரம் சும்மா இருங்கள். பட்டியலில் உள்ள அடுத்த இடம் எங்கும் ஓடிவிடாது.

சிங்கப்பூரில் நீங்கள் வைத்திருக்கும் வங்கி அட்டை விசா அல்லது மாஸ்டர்கார்டு நிறுவனத்துடையதாகவும், தொடுமுறையில் இயங்குவதாகவும் இருந்தால், ரயிலிலும் பேருந்திலும் அதையே தட்டிப் பயணிக்கலாம். ரயிலுக்குள் தண்ணீர் குடித்தால்கூட 500 சிங்கப்பூர் டாலர் வரை அபராதம் என்பதைப் பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவையுங்கள். அறிவிப்புகள் தமிழிலும் இருப்பதால் வழி தவறும் அச்சம் குறைவு. லிட்டில் இந்தியா பகுதியில் உள்ள டெக்கா சந்தையில் கருவேப்பிலை வாங்குகிற ஒருவரிடம் தமிழிலேயே வழி கேட்கலாம்.

8. திரும்பும்போது

மிஞ்சிய அயல்நாட்டு நோட்டுகளை 2,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் இருப்பதை 180 நாட்களுக்குள் மாற்றிவிட வேண்டும். சில்லறைக் காசுகளை இங்கே மாற்றித் தருவது அரிது. ஆகவே கடைசி நாளில் விமான நிலையத்துக் கடையில் காசு முழுவதையும் முதலில் கொடுத்துவிட்டு, மீதித் தொகையை அட்டையில் கட்டிவிடுங்கள்.